குலுக்கைக்குள் ஒரு குழந்தை



நெல்லைக்கு வடக்கே, மதுரைச் சாலையில், சிற்றாற்றங்கரையில் இருக்கிறது கங்கைகொண்டான். கங்கைவரை படை நடத்திய இராசேந்திர சோழனின் பட்டப்பெயரைத் தாங்கிய ஊர். இன்று அதன் எல்லையில் சிப்காட் தொழில் வளாகம். அருகே புள்ளிமான் சரணாலயம். அவ்வூரில் எங்கள் பூட்டன் கட்டிய வீடு ஒன்றுண்டு. தேக்குத் தூண்கள், தார்சா, முற்றம், அடுக்களைக்கு அருகே ஆளுயர மண்குலுக்கை.

"வீட்டை இடிக்கக் கூடாது, பழைமை மாறாமல் காக்க வேண்டும்" என்று உறவினர் கூடிப் பேசினர். நானும் இசைந்தேன். ஆனால் ஒன்று கேட்டேன்: குலுக்கையை அகற்றக் கூடாது, அதன் கதையை அதன் அருகிலேயே எழுதி வைக்க வேண்டும். கூடத்தில் பேச்சு நின்றது. ஏன்? சொல்கிறேன்.

1963ஆம் ஆண்டு. எனக்கு வயது ஏழு, தம்பிக்கு மூன்று. அம்மை குத்துபவர் தெருவுக்கு வருகிறார் என்ற செய்தி வந்தது. எனக்குப் பள்ளியிலேயே குத்தியாகிவிட்டது. தம்பிக்கு இல்லை. "மாரியாத்தா போடுகிற முத்தைத் தடுக்க இவன் யார்?" என்றார் ஆச்சி. அறுவடைக்கு முன் காலியாக நின்ற குலுக்கைக்குள் தம்பியை இறக்கினார்கள். என்னை வாசலில் நிறுத்தினார்கள்.

மிதிவண்டியில், வேர்க்க விறுவிறுக்க வந்தார் அந்த மனிதர். "வீட்டில் வேறு குழந்தை உண்டா, தம்பி?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். என் சொல்லை நம்பினார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த கோடையில் பெரியம்மை வந்தது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். கோயிலுக்குக் கூழ் ஊற்றினார்கள். வந்த பின் தீர்க்கும் மருந்து அன்று இல்லை. வருமுன் தடுக்கும் மருந்து இருந்தது. அதைத்தான் நாங்கள் வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தோம். பதினோராம் நாள் தம்பி இல்லை. "ஆத்தா அழைத்துக்கொண்டாள்" என்றார் ஆச்சி. அழைத்தவள் ஆத்தா அல்லள், அனுப்பியவர்கள் நாங்கள்!

அம்மையை விரட்டியது எது? வேண்டுதலா? வேப்பிலையா? 1796இல் ஜென்னர் கண்ட வழி. மாவட்டக் கழகங்களும் நகராட்சிகளும் ஊர்தோறும் அனுப்பிய ஊழியர்களின் உழைப்பு. 1939இல் சென்னை மாகாணம் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம். 1962இல் நாடெங்கும் தொடங்கிய பெரியம்மை ஒழிப்புத் திட்டம். 1975இல் இந்தியாவில் கடைசி நோயாளி காணப்பட்டார். 1980இல் உலகிலிருந்தே அந்நோய் ஒழிந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. கண்டவரில் பத்துக்கு மூவரைக் கொன்ற கொடுநோய், ஊசிமுனைக்குத் தோற்றது.

பழைய வீடுகளைக் காப்பது நல்லதுதான். ஈரோட்டில் பெரியார் வாழ்ந்த இல்லம் பெரியார்-அண்ணா நினைவகமாக நிற்கிறது. தூணின் அழகுக்காகவா அதைக் காண்கிறோம்? அங்கே வாழ்ந்தவர், நகராட்சித் தலைவராக இருந்து ஈரோட்டு மக்களுக்குக் காவிரி நீரைக் குழாயில் கொண்டுவந்தவர். மூடத்தனத்தை முகத்துக்கு நேரே கேட்டவர். அதற்காகக் காண்கிறோம். எங்கள் வீட்டில் அப்படிப் பெருமை இல்லை. ஆனால் பாடம் இருக்கிறது.

"ஆச்சியின் பெயர் கெடாதா?" என்று கேட்டார் பெரியப்பா மகன். "ஆச்சியைப் பள்ளிக்கு அனுப்பியவர் யாருமில்லை, நான் படித்துக்கொண்டிருந்தவன். பொய் சொன்னதும் நான்தான். என் பெயரையே எழுதுங்கள்" என்றேன். இன்னும் முடிவாகவில்லை. முடிவாகும்வரை நான் விடப்போவதில்லை.

இளைஞர்களே! 2021இல் கொரோனாத் தடுப்பூசி வந்தபோதும் அஞ்சி ஒதுங்கியோர் உண்டு. குலுக்கைகள் மறைந்துவிட்டன, குழந்தையை ஒளிக்கும் குணம் மறையவில்லை. உங்கள் ஊர் நலவாழ்வு ஊழியர் கதவைத் தட்டினால், வீட்டில் இருக்கும் ஒவ்வொரு குழந்தையையும் வெளியே அழைத்து வாருங்கள்.

நான் ஒருவனை அழைத்து வரவில்லை.