சைடரும் பனங்கள்ளும்

மதுவைப் பற்றி எழுதினால் முகம் சுளிக்கும் வாசகர்கள் உண்டு என்பதை அறிவேன். ஆயினும், பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்த ஒருவன் குடியைப் பற்றி ஏதும் அறியாதவன் போல் நடிப்பது அழகல்ல. நான் குடிப்பவன். வீட்டில், இரவு உணவோடு, வாரத்தில் ஒரு நாள் அல்லது இரண்டு நாள் மட்டும் குடிப்பவன். என் விருப்பத்துக்குரியவை மூன்று: சைடர், தென்னஞ்சாராயம், பருவ காலத்தில் ஊருக்குப் போனால் பனங்கள்ளு.

சைடரை எனக்கு அறிமுகம் செய்தவர் லண்டனில் வசிக்கும் என் தங்கையின் கணவர். அப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துப் பெறும் மது அது. சாப்பாட்டு மேசையில், பிள்ளைகளின் முன்னிலையில், எவ்வித ஒளிவுமறைவும் இன்றி அவர் போத்தலைத் திறந்தார். தங்கையும் அரைக் கிளாஸ் எடுத்துக்கொண்டாள். ஒரு மிடறு குடித்ததும், "இது எங்கட கள்ளின்ர சொந்தக்காரன் அல்லவா!" என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இரண்டும் வடிக்கப்படாத மதுக்கள், புளித்து உண்டாகுபவை. இரண்டிலும் மதுசாரம் ஏறத்தாழ ஐந்து வீதம். நல்ல சைடருக்கு நாம் கடித்துத் தின்னும் அப்பிள் உதவாது. வாயில் வைக்க முடியாத அளவு துவர்ப்புள்ள பழவகைகளையே அதற்கென வளர்க்கிறார்கள். பிழிந்த சாறு வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் புளிக்கிறது. பனங்கள்ளுக்கோ அவ்வளவு பொறுமை கிடையாது. பாளையிலிருந்து சொட்டும்போதே முட்டிக்குள் நொதித்தல் தொடங்கிவிடும், மறுநாள் புளிப்பேறிவிடும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் புளிக்காத கருப்பநீர் கிடைக்கும். அமெரிக்கர்கள் புளிக்காத அப்பிள் சாற்றையும் சைடர் என்றே அழைப்பார்கள். நாமோ இரண்டுக்கும் இரு பெயர் வைத்திருக்கிறோம்.

இங்கிலாந்தின் ஹெரபோர்ட்ஷயர், சமர்செற் பகுதிகளில் தை மாதக் குளிரில் அப்பிள் தோட்டங்களுக்குச் சென்று, மரங்களுக்குப் பாட்டுப் பாடி, வேரில் சைடரை ஊற்றும் வழக்கம் இன்றும் உண்டு. அதே நாட்டில் ஒரு காலத்தில் பண்ணைக் கூலியாட்களுக்குக் கூலியின் ஒரு பகுதியைச் சைடராகவே கொடுத்து வந்தார்கள். 1887ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்தது. ஏழைக் கூலியாளின் குடிவகையாக இருந்த அது, இன்று அழகிய போத்தலில் அடைபட்டுக் கொழும்பு வரை மரியாதையுடன் வந்து சேர்ந்திருக்கிறது.

நம்முடைய கள்ளுக்கு அந்த மரியாதை ஏன் கிடைக்கவில்லை? எனக்குத் தெரிந்த விடை எங்கள் வீட்டுப் பின்வேலியில் இருக்கிறது.

அப்பா ஆசிரியர். தவறணைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். ஆனால், கள்ளுக் காலத்துச் சனிக்கிழமைகளில் வேலிப் பொட்டால் ஒரு போத்தல் வரும். பின்விறாந்தையில் இருந்து, அம்மா பொரித்த மீனோடு அப்பா அதைக் குடிப்பார். அதைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்பது பிள்ளைகளாகிய எங்களுக்கு இடப்பட்ட கட்டளை. கள்ளைக் கொண்டுவந்தவர் வேலிக்கு அப்பாலேயே நிற்பார். காலையும் மாலையும் பனை ஏறி, பாளை சீவி, உயிரைப் பணயம் வைத்து இறக்கிய கள் அது. அவர் தண்ணீர் கேட்டால் கொடுப்பதற்கென்று ஒரு சிரட்டை தனியாகக் கிடந்தது. அவர் கையால் இறக்கிய கள் எங்கள் வீட்டுக் கிளாசில் ஊற்றப்படலாம். அவர் உதடு அந்தக் கிளாசில் படக்கூடாது. பொது இடங்களில் சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பதை 1957ஆம் ஆண்டிலேயே சட்டம் குற்றமாக்கியிருந்தது. எங்கள் பின்வேலி வரை அந்தச் சட்டம் வந்து சேரவில்லை.

கள்ளு இழிவானது என்று நாம் சொல்லும்போது அந்த இழிவு குடிவகையைச் சேர்ந்ததன்று. அதை இறக்கிய மனிதர்மீது நாம் சுமத்திய இழிவையே முட்டியின்மீதும் பூசினோம். வெளிநாட்டு விஸ்கியை முன்விறாந்தையில் விருந்தினருக்கு ஊற்றியவர்களும் கள்ளைப் பின்புறத்தில் வைத்தே குடித்தார்கள்.

ஒளித்துக் குடிப்பது அளவின்றிக் குடிப்பதற்கும் வழிவிடுகிறது. இரவுப் பணி முடிந்து, வெறும் வயிற்றில், நின்ற நிலையில் சாராயத்தை ஊற்றிக்கொண்டு வீடு போன சக பத்திரிகையாளர்கள் சிலரை ஐம்பது வயதுக்கு முன்னரே இழந்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் மனைவியின் முன்னிலையில் ஒரு கிளாஸ் எடுத்ததை நான் கண்டதில்லை. வீட்டு மேசைக்கு ஓர் அளவு உண்டு. அங்கே பார்க்கும் கண்கள் உண்டு. இதனால் மதுவை மருந்தென்று சொல்ல வரவில்லை. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே கூறிவிட்டது. குடியாதவர் குடியாதிருப்பதே நன்று. குடிப்பவர் வெளிச்சத்தில், உணவோடு, குறைவாகக் குடிக்கட்டும் என்பதே என் கட்சி.

அண்மையில் ஊருக்குப் போனபோது, எழுபதைத் தாண்டிய சீவல் தொழிலாளி ஒருவர் போத்தலுடன் வந்தார். முன்வாசலால் வரும்படி அழைத்தேன். தயங்காமல் வந்து கதிரையில் அமர்ந்தார். அவருக்கும் ஊற்றப் போனபோது கையால் தடுத்தார்.

"நான் இது தொடுறேல்லைத் தம்பி. தேத்தண்ணி இருந்தால் தாங்கோ."

மனைவி தேநீர் கொண்டுவந்தாள், நாங்கள் குடிக்கும் அதே கோப்பையில். அப்பாவை 'ஐயா' என்று அழைத்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். என்னைத் 'தம்பி' என்றது, அன்றைய கள்ளைவிட இனித்தது.