நாவல்பழத்துல கரண்ட்!

நாவல்பழம் சாப்பிட்டா நாக்கு என்ன கலராகும்? அதே கலர்தாங்க என் ஃபைனல் இயர் புராஜெக்ட்!

சிரிக்காதீங்க. டைட்டானியம் டை ஆக்சைடு நானோ பவுடரைக் குழைச்சு, கரண்ட் கடத்துற கண்ணாடியில தடவி, 450 டிகிரியில சுட்டு, பழச்சாறுல ஊறப்போடணும். எதிர்க் கண்ணாடிக்குப் பென்சில் கரி. நடுவுல அயோடின் கரைசல். வெயில் பட்டா சாயம் எலெக்ட்ரானை விடும். போனதை அயோடின் திருப்பிக் கொடுக்கும். 1991-ல் ஓ'ரீகனும் கிராட்ஸலும் ருத்தேனியம் சாயத்தில் 7 சதவிகிதத்துக்கு மேல் எடுத்துக் காட்டிய சோலார் செல்லுக்கு இது ஏழைத் தம்பி.

எங்களுக்கு வந்தது 0.4 வோல்ட். நாலைச் சேர்த்ததும் கால்குலேட்டர் கண் திறந்துச்சு. லேப்பே விசில்!

சோமனூர்ல அப்பாகிட்ட காட்டினேன். விசைத்தறிக்காரர்.

"இது தறி ஓட்டுமா கண்ணு?"

"ஒண்ணு 1 மில்லிவாட்கூடத் தராதுங்ப்பா. 1 எச்.பி. மோட்டாருக்கு 746 வாட்ஸ். குறைஞ்சது 7 லட்சத்து 46 ஆயிரம் கண்ணாடி வேணும்."

அப்பா சிரிக்கல. கரண்ட் பில்லை மடிச்சு பாக்கெட்ல வெச்சுட்டு, "சாயம் வெளுக்குமா?"ன்னார்.

வெளுக்குது. ஒரே வாரத்துல பாதி போயிருச்சு. ரிவ்யூல யாருமே கேக்காத கேள்வி! 2009-ல் ஜப்பானில் மியாசாகா 3.8 சதவிகிதத்தில் ஆரம்பிச்ச பெரோவ்ஸ்கைட் இன்னைக்கு 26-ஐத் தாண்டிருச்சு. அதுக்கும் இதே தலைவலிதான்.

ராத்திரி 2 மணி வரைக்கும் உட்கார்ந்து, ரிப்போர்ட்ல வெளுத்த கதைக்குத் தனி சாப்டர் டைப் அடிச்சேன்.