தொப்பி கேட்கிறதா?

புது இயர்போன் வாங்கிய பிள்ளைகள் விலையைச் சொல்கிறார்கள், கம்பெனிப் பெயரைச் சொல்கிறார்கள். சின்னதும் பெரியதுமாகக் கூடவே வந்த ரப்பர் மூடிகள் எங்கே என்றால், "அது பெட்டியிலேயே இருக்கு தாத்தா" என்கிறார்கள். பாதிக் காசு அந்தப் பெட்டியிலேயே கிடக்கிறது என்பேன் நான்.

காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். நேராகப் போகாது, வளைந்து போகும். ஒரே ஆளுக்கு வலது காதுக்கு ஒரு அளவும் இடது காதுக்கு வேறு அளவும் தேவைப்படலாம். மூடி சரியாக அடைக்காவிட்டால் முதலில் தொலைவது பாஸ். அந்தக் குட்டி ஸ்பீக்கர் உண்டாக்கும் அழுத்தம் இடுக்கு வழியாகக் கசிந்துவிடும். மேல் ஸ்தாயிக்கு அவ்வளவு சேதம் இல்லை என்பதால் பாட்டு தகரத்தில் தட்டியது போலாகிவிடும். நான் ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைப் போட்டுப் பார்ப்பேன். வலப்பக்கத்து வலந்தலை கணீரென்று விழுந்து, இடப்பக்கத்துத் தொப்பியின் ஆழ்ந்த கும்கி மட்டும் காணோமா? வித்வானையும் கம்பெனியையும் திட்டாமல், இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்து. கும்கி திரும்பி வந்தால் கசிவுதான். மூடியை மாற்று.

செருகுவதிலும் பக்குவம் உண்டு. எதிர்க்கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் வளைவு கொஞ்சம் நிமிரும். ஃபோம் மூடி என்றால் உருட்டி ஒடுக்கிச் செருகி, விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். அவசரக்காரனுக்கு ஃபோம் ஆகாது. பேசும்போது உன் குரலே உனக்குள் முழங்குகிறதா? பயப்படாதே, அடைப்பு சரியாக இருக்கிறது.

அடைப்பின் பலத்துக்கு ஓர் உதாரணம்: மீட் கில்லியன் என்பவரின் எடிமோட்டிக் நிறுவனம் 1991இல் இஆர்-4 என்ற இயர்போனைக் கொண்டுவந்தது. மூன்றடுக்கு மூடி, ஆழமாகச் செருக வேண்டும். சத்தத்தை ரத்துசெய்யும் சர்க்யூட் எதுவும் இல்லாமல், அடைப்பை மட்டும் நம்பி வெளிச்சத்தத்தில் சுமார் 35 டெசிபலைக் குறைத்தது அது. பஸ் இரைச்சலுக்குப் போட்டியாக வால்யூமைக் கூட்டும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம், 90 ஆனால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளிச்சத்தம் உள்ளே வராவிட்டால் வால்யூமைக் கூட்டும் தேவையே வராது.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால் ரிப்பேருக்கு ஓடாதே. வலையில் குறும்பி அடைத்திருக்கும், துடைத்துப் பார். ரோட்டைக் கடக்கும்போது மட்டும் இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுவிடு. லாரி ஹாரனுக்கும் அதே அடைப்புதான்.