70 வளைவு... 17 காத்து!

நாமக்கல்லில் ஆஞ்சநேயருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நானும் சீனுவும் பைக்கில் கிளம்பியபோது காலை மணி எட்டு. பதினெட்டடி உயரம், தலைக்கு மேல் கூரை கிடையாது அவருக்கு. எனக்கு ஹெல்மெட் இருந்தது. மூளைதான் அன்றைக்கு லீவு!

சீனு எங்கள் ஆபீஸ் நண்பன். எடை 86 கிலோ. பன்னிரண்டு நாளில் கல்யாணம். கொல்லிமலையில் செம்மேட்டில் இருக்கும் தாய்மாமனுக்கு நேரில் பத்திரிகை வைத்தே ஆக வேண்டும். ''பஸ்ல போலாம்டா'' என்றான். நான்தான் ''கொல்லிமலைக்கு பஸ்ல போறவனெல்லாம் ஒரு மனுஷனா?'' என்று உசுப்பிவிட்டேன்.

அங்கேதான் எங்கள் ஆபீஸ் சர்வக்ஞர் வருகிறார். எல்லா ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பாரே, அவரேதான். சர்க்கரை வியாதியிலிருந்து சந்திரயான் வரை கருத்து வைத்திருப்பவர். ''மலை ஏறப் போறீங்களா? அடிவாரத்துல டயர் காத்தைக் கொஞ்சம் இறக்கிடுங்க. மேல போகப் போக வெளியில காத்தழுத்தம் குறையும். உள்ள இருக்கிற காத்து உப்பி, டயர் வெடிச்சிரும்!'' என்றார். கேட்க சயின்ஸ் மாதிரியே இருந்தது. நம்பிவிட்டேன்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி. மலை இங்கேதான் ஆரம்பம். வண்டியை ஓரங்கட்டி, சாவி முனையால் வால்வு ஊசியை அழுத்தினேன். உஸ்ஸ்ஸ்... முன்னால் ஒரு பத்து எண்ணும் வரை, பின்னால் இருபது எண்ணும் வரை. பிறகு கட்டை விரலால் ஓர் அமுக்கு. ''கல்லு மாதிரி இருக்குடா!''

அடிவாரத்திலிருந்து மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருப்பார்கள். முதல் பத்து வரை சீனு உற்சாகமாக எண்ணினான். இருபதில் மௌனமானான். இருபத்தைந்தில், ''பின்பக்கம் வாலாட்டுது மாப்ளே'' என்றான்.

''நீ ஆடாம உக்காரு!''

எனக்கும் தெரியாமல் இல்லை. ஹேண்டில் கனத்தது. திருப்பினால் வண்டி அரை விநாடி யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. நான் பழியை ரோடு மேல் போட்டேன். அடுத்து சீனுவின் எடை மேல்.

முப்பத்தெட்டாவது வளைவு. மேலிருந்து பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி இறங்கியது. இடதுபக்கம் ஒடுங்கத் திருப்பினேன். முன்சக்கரம் கேட்டது. பின்சக்கரம் கேட்கவில்லை! சேற்றில் கால் வைத்த மாதிரி ஒரு பக்கமாக வழுக்கி, அகன்று போய், பிரேக்கைக் கெட்டியாகப் பிடித்ததில்... தடுப்புச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது.

பஸ் டிரைவர் என் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார். சீனுவின் பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகைகள் ரோடெல்லாம் சிதறிக் கிடந்தன. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். இரண்டு பேருக்கும் கை நடுங்கியது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மீதியை மாட்டு வண்டி வேகத்தில் ஏறினோம். சோளக்காட்டில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரப் பெரியவர் இளவயதில் லாரி கிளீனர். வண்டியைப் பார்த்ததுமே, ''ஏனுங்க தம்பி, எத்தன காத்து வெச்சிருக்கீங்க?'' என்றார்.

''நல்லா இருக்குங்க. கையால அமுக்கிப் பாத்தேன்.''

''கை என்ன மீட்டருங்களா?'' என்று கேஜை வைத்தார். முன்னால் 19. பின்னால் 17!

செயின் கவரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் துடைத்துக் காட்டினார். மூன்று வருஷமாக என் வண்டியில் இருக்கிறது. நான் படித்ததே இல்லை. முன்னால் 25. பின்னால், தனியாகப் போனால் 28. ஆள் இருந்தால் 32.

''டயரைத் தொடுங்க'' என்றார். பக்கவாட்டில் கை வைத்தேன். தோசைக்கல்!

''லோடைத் தூக்கறது ரப்பர் இல்லீங்க. உள்ள இருக்கற காத்துதான். காத்து கம்மியானா டயர் ஒவ்வொரு சுத்துக்கும் நசுங்கி நசுங்கி நிமிரும். அந்தச் சூடுதான் டயரை வெடிக்க வெக்கும். டியூப் உள்ளயே நகர்ந்து வால்வு பிச்சிக்கிட்டாலும் போச்சு. மலை வெடிக்க வெக்காதுங்க... நாமதான் வெடிக்க வெக்கிறோம்.''

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ''அப்ப ஒரேயடியா 45 வெச்சிருங்க!''

''பலூனா தம்பி இது? காத்து ஜாஸ்தியானா டயர் ரோட்டுல நடு முதுகு மட்டும்தான் படும். ஈரத்துல பிரேக் அடிச்சா வழுக்கிட்டுப் போயிரும். நடுவுல மட்டும் தேஞ்சும் போகும்.''

(சென்னை திருவொற்றியூரில் 1946-ல் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்த கம்பெனிதான் பிற்பாடு டயர் கம்பெனியாகி எம்.ஆர்.எஃப். ஆனது. பலூனிலிருந்து டயருக்கு வரலாம். டயரிலிருந்து பலூனுக்குப் போகக் கூடாது!)

டயர் சூடாக இருந்ததால் 32-க்கு மேல் இரண்டு கூட்டி 34 வைத்தார். ''சூட்டுல நாலஞ்சு கூடவே காட்டும். அதைப் பாத்துட்டு யாரும் இறக்கிராதீங்க. நாளைக்குக் காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்ன, டயர் குளுந்து இருக்கறப்ப அளந்து சரி பண்ணிக்குங்க'' என்றார். வால்வில் எச்சில் தொட்டு வைத்து, குமிழி வருகிறதா என்று பார்த்தார். ''மூடி எங்கீங்க?'' மூடி போன வருஷமே எங்கேயோ போய்விட்டது. அவரே ஒன்று மாட்டினார். மண் போனால் வால்வு கசியுமாம்.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலைக்கு முன்னால் நின்றேன். ஒரே அம்பில் பல மிருகங்களைத் துளைத்தவன் என்று பேர் வாங்கியவன். நானோ ஓர் ஆணிகூடக் குத்தாத டயரை, சொந்தச் சாவியாலேயே காலி பண்ணியவன்!

ஊர் திரும்பியதும் சர்வக்ஞரின் சயின்ஸைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,000 மீட்டர் ஏறினால் வெளிக்காற்று குறைவதால், கேஜில் ஒன்றரை பி.எஸ்.ஐ. போல ஏறும். ஆனால் மேலே சுமார் ஆறரை டிகிரி குளிர். அதில் ஒன்று இறங்கிவிடும். மிச்சம் அரை! அந்த அரைக்குப் பயந்துதான் பதினைந்தை இறக்கி, பன்னிரண்டு நாளில் தாலி கட்ட வேண்டியவனைச் சுவர் வரை கூட்டிப் போயிருக்கிறேன்.

அதோடு, ஓட்டை இல்லாத டியூபிலும் மாசத்துக்கு ஒன்றிரண்டு தானாகக் குறையும். அதனால் இப்போது பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, காலையில், பல் தேய்த்த கையோடு அளந்துவிடுகிறேன். சில நூறு ரூபாய்க்கு சொந்தமாக ஒரு கேஜ் வாங்கியாயிற்று. இரண்டு நிமிஷ வேலை.

சீனு கல்யாணத்துக்கும் அதே மாதிரி ஒரு கேஜ்தான் பரிசு. மேடையிலேயே பிரித்துப் பார்த்த கல்யாணப் பெண், ''என்னங்க இது?'' என்று கேட்டாள்.

நான் சொன்னேன்: ''இத்தனை நாளா இவன் வண்டியில பின்னாடி 28 போதும்மா. இன்னியிலேர்ந்து 32!''