கல்லூரியிலிருந்து அடுப்பங்கரைக்கு

மார்த்தாண்டத்தில் பஸ் மாறி அருமனை போய்ச் சேருவதற்குள் எத்தனை பச்சைதான் பார்ப்பது! சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. மரத்துக்கு மரம் இடுப்பில் ஒரு சிரட்டை. கேரள எல்லை பக்கம் என்பதால் பேச்சிலும் மலையாள வாடை. திற்பரப்பு அருவியில் குளிக்க வேண்டும், சிதறால் மலையில் சமணர் சிற்பங்களைப் பார்க்க வேண்டும் என்று திட்டம் போட்டுக்கொண்டுதான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். குளித்தேன், பார்த்தேன். ஆனால் உங்களிடம் சொல்லத் தோன்றுவது என்னவோ மைனியின் அடுப்பங்கரைச் சண்டையைத்தான்.

மறுநாள் விடியற்காலையில் புகை நெடி தாங்காமல் எழுந்தேன். மைனி விறகடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் காஸ் இருக்கிறது. ஆனால் சிவப்புப் புழுங்கலரிசி வேக நேரமாகும். ரப்பர் விறகோ தோட்டத்திலேயே கிடைக்கிறது. விறகு பிடிக்கவில்லை என்றதும் மைனி காலிப் பால் கவர் இரண்டைச் சுருட்டி உள்ளே செருகினாள். குப்பென்று பற்றிக்கொண்டது.

"அம்மா, கவரை அடுப்புல போடப்பிடாதுன்னு எத்தனை தடவை சொல்லியாச்சு!" என்று ஓடி வந்தாள் அண்ணன் மகள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

"நீ காலேஜுக்குப் போயிருவ மக்களே. நனைஞ்ச விறகை ஊதி ஊதி எனக்கில்லா மூச்சு முட்டுது?" என்றாள் மைனி.

உள்ளறையில் மூத்தவளின் கைக்குழந்தை இருமியது. பிரசவத்துக்கு வந்தவள், குழந்தைக்கு மூன்று மாதம். நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டு வெந்நீர் அடுப்பில் நானும் செய்த காரியம்தானே அது!

அன்று தன் கல்லூரிக்கு என்னை அழைத்துப்போனாள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவிகள் கண்காட்சி வைத்திருந்தார்கள். காந்தி நூற்றாண்டையொட்டி 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் இது. இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும், ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம் போட வேண்டும். சுற்றுச்சூழல் பாடமும் எல்லோருக்கும் உண்டு. 1991-ல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவிலிருந்து வந்தது.

பாடம் கிடக்கட்டும், பெண்கள் செய்திருந்ததைப் பார்த்து அசந்துபோனேன். காண்டீனில் எவர்சில்வர் டம்ளர்தான். மிஞ்சிய சோறு, காய்கறித் தோல் எல்லாம் குழிக்குப் போய் உரமாகி வாழைக்கு வருகிறது. முகாமின்போது தோட்டம் தோட்டமாகப் போய், மழைக்காலத்தில் பால் வெட்டாத மரங்களின் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தார்களாம். சிரட்டையில் தேங்கும் தெளிந்த நீரில்தான் டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும், கடிப்பதும் பகலில். நம் வீட்டுப் பூந்தொட்டித் தட்டுக்கும் இதே கதைதான், வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள்.

மாணவர்கள் இதில் இறங்குவது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. வட கேரளத்தில் பய்யன்னூர் கல்லூரி விலங்கியல் பேராசிரியர் ஜான் சி. ஜேக்கப் 1970-களிலேயே மாணவர்களைக் காட்டுக்கு அழைத்துப்போய் முகாம் நடத்தினார். அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கூடாது என்று எழுந்த குரல்களில் மாணவர் குரலும் உண்டு. 1984-ல் அது தேசியப் பூங்காவானது.

கண்காட்சியில் ஒரு பெண் பால் கவர் பற்றி விளக்கினாள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்கும் கப்புக்கும் தடை வந்தபோது பால் கவருக்கு விலக்கு. ஆகவே வீட்டில் சேர்வது இதுதான். அது அரைகுறையாக எரிந்தால் கரியும் கார்பன் மோனாக்சைடும் வரும். பி.வி.சி. துண்டு சேர்ந்துவிட்டாலோ டையாக்சின் என்ற நஞ்சு கிளம்பும். அது உடம்புக் கொழுப்பில் தங்கி, தாய்ப்பாலில்கூட வருமாம். (இதைப் படித்துவிட்டு யாரும் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள்! நிறுத்த வேண்டியது எரிப்பதை.) கவரை வெட்டும்போது மூலைத் துண்டைத் தனியே பிய்த்தெறியாமல் தொங்கலாக விட்டு, அலசிக் கொடியில் உலர்த்தினால் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார். இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது.

எல்லாம் சரி, மைனியின் நனைந்த விறகுக்கு என்ன வழி? அதை அந்தப் பெண்ணிடமே கேட்டேன். விழித்தாள். "விறகு நனையுமுன்னு நாங்க யோசிக்கல அத்தை" என்றாள் அண்ணன் மகள். வருஷத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிற ஜில்லாவில், போடாதே என்று சொல்வது சுலபம்.

விடை வீட்டிலேயே இருந்தது. ராத்திரி கஞ்சியும் பயறும் பரிமாறும்போது மைனியே சொன்னாள்: "எங்க மாமியார் காலத்துல அடுப்புக்கு மேல பரண் உண்டு. கோடையில கொதும்பு, சில்லாட்டை, கதம்பை எல்லாம் பெறக்கி அடுக்கி வைப்பாவ. எந்த மழையிலயும் ஒரு கொதும்பு போதும், பத்திக்கிடும். கான்கிரீட் வீடு கட்டுனப்ப பரணை எடுத்தாச்சு." தென்னம்பாளையின் உலர்ந்த மடலைத்தான் அங்கே கொதும்பு என்கிறார்கள். அண்ணன் மகள் கஞ்சியை மறந்து நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மறுநாளே எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மாறவில்லை. நான் கிளம்பின அன்று நல்ல மழை. மைனி ஈரக் கொதும்போடு மல்லாடிவிட்டு, மகள் குளிக்கப் போன சமயம் பார்த்து ஒரு கவரைச் செருகினாள். என்னைப் பார்த்தாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போனேன்.

போன வாரம் போன் பேசினாள். அண்ணன் இரும்புக் கம்பி வளைத்துப் பரண் போட்டுக் கொடுத்துவிட்டாராம். மகளும் அவள் தோழிகளும் விடுமுறையில் மூன்று சாக்குக் கொதும்பு சேர்த்தார்களாம். கவர்கள் கொடியில் தொங்குகின்றன. குழந்தைக்கு இருமல் குறைந்திருக்கிறது. புகை போனதாலா, மழை விட்டதாலா, தெரியாது என்றாள்.

ஒன்றுதான் தொல்லையாம். பரணில் எலி ஏறுகிறது. விஷம் வைக்காமல் விரட்ட உங்களில் யாருக்காவது கைமருந்து தெரிந்தால் எழுதுங்களேன், மைனிக்குச் சொல்கிறேன்.