ஆறு இலக்கத்தின் விலை

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் நடந்த தப்புக்குக் காரணமான அந்த ஆறு இலக்கத்தைப் படித்துச் சொன்னவன் நான்தான்.

2024 ஜூலை. நான் முதலாம் ஆண்டு முடித்திருந்த சமயம். அப்பா ஒரு தனியார் தொழிற்சாலையில் ஃபிட்டர். அந்த வருஷம் அவர் சம்பளத்தில் வரியாக 31,720 ரூபாய் பிடித்திருந்தார்கள். கூட வேலை பார்ப்பவர் ஒரு ஏஜெண்டை அழைத்து வந்தார்.

"பிடிச்ச பணத்தை முழுசா திருப்பி வாங்கித் தர்றேன் அண்ணே. எனக்குப் பத்து பர்சென்ட் போதும்."

அப்பா தயங்கினார். "எல்லாரும் வாங்குறாங்கப்பா, நமக்கு மட்டும் என்ன?" என்று தூண்டிவிட்டது நான். அவர் செல்லுக்கு வந்த ஓ.டி.பி.யை ஏஜெண்டிடம் சொன்னதும் நான். பணம் வந்தது. கமிஷன் போக, என் செமஸ்டர் பீஸும் தங்கைக்கு ஒரு சைக்கிளும் ஆயிற்று.

2025 ஜூலை 14. பொய்க் கழிவு காட்டிய ரிட்டர்ன்கள் தொடர்பாக 150 இடங்களில் வருமான வரித் துறை சோதனை என்று செய்தி வந்தது. அன்றிரவே துறையின் இணையதளத்தைத் திறந்தேன். பாஸ்வேர்டு எங்களிடம் இல்லை. ஆதார் ஓ.டி.பி. மூலம் மாற்றி உள்ளே போனால், இ-மெயில் முகவரியும் எங்களுடையது இல்லை! நோட்டீஸ் வந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

ரிட்டர்னைப் பார்த்தேன். சொந்த ஓட்டு வீட்டில் இருக்கும் எங்களுக்கு மாத வாடகை. எடுக்காத மருத்துவக் காப்பீடு. எந்தக் கட்சிக்கும் சந்தாகூடக் கட்டாத அப்பா பேரில் அரசியல் நன்கொடை.

"கண்டக்டர் ஒரு ரூபா அதிகமா குடுத்தாலே திருப்பிக் குடுக்கிறவன்டா நான்" என்றார் அப்பா. வேறு எதுவும் பேசவில்லை.

ரிட்டர்னோடு ரசீது எதுவும் இணைக்க வேண்டாம். நம் வார்த்தையை நம்பி ஏற்கிறார்கள். ஏஜெண்டுகள் நுழைவது அந்த நம்பிக்கையின் சந்தில்தான். பிடிபட்டால், ஏய்த்த வரிக்கு மேல் அதைப்போல் இரண்டு மடங்கு அபராதம் வரலாம். பதில் சொல்ல வேண்டியவர் ஏஜெண்ட் அல்ல, பான் கார்டுக்குச் சொந்தக்காரர்.

தப்பைத் தாமாகத் திருத்த 'அப்டேட்டட் ரிட்டர்ன்' என்று ஒரு வழி உண்டு. அந்த ஜூலைக்கு முந்தைய நான்கு மாதத்தில் சுமார் 40,000 பேர் 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவை இப்படித் திரும்பப் பெற்றதாக அரசே அறிவித்தது. நாங்களும் ஆகஸ்டில் அந்த வழியில் போனோம். வாங்கிய பணம், வட்டி, இரண்டுக்கும் மேல் 25 சதவீதக் கூடுதல் வரி. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது.

அதே மாதம் அந்த வருஷத்து ரிட்டர்னை அப்பாவை அருகில் உட்கார வைத்து நானே போட்டேன். துறையின் தளத்தில் கட்டணமே கிடையாது. சம்பளமும் பிடித்த வரியும் ஏற்கெனவே நிரப்பியிருந்தன. ஃபாரம் 16-ஐயும் 26ஏ.எஸ்.ஸையும் வைத்துச் சரிபார்த்து, ஆதார் ஓ.டி.பி. போட்டு உறுதி செய்தோம். இதை 30 நாளுக்குள் செய்யாவிட்டால் ரிட்டர்ன் செல்லாது. மொத்தம் அரை மணி நேர வேலை. இதற்கா ஏஜெண்டைத் தேடினோம்!

நண்பர்களே, நாளை நாமும் வேலைக்குப் போவோம், நம் சம்பளத்திலும் வரி பிடிப்பார்கள். பாஸ்வேர்டும் இ-மெயிலும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். லேத்தில் அளவு தப்பினால் ஒரு ஜாப்தான் வீணாகும். இங்கே அளவு தப்பினால் அப்பாவின் பேர் கெடும்.

வளையலை இன்னும் மீட்கவில்லை. என் முதல் சம்பளம் அதற்குத்தான்.