விளக்கும் விளக்கமும்

இருண்ட கடலில் இருப்பவனுக்குக் கரை என்பது ஓர் ஒளிப்புள்ளி. சென்னையில் அந்தப் புள்ளி நான்கு இடங்களில் எரிந்திருக்கிறது. 1796-ல் கோட்டைக்குள் ஒரு கட்டிடத்தின் மாடியில். 1844-ல் எஸ்பிளனேடு கருங்கல் தூணில். 1894-ல் உயர்நீதிமன்றக் கோபுரத்தில். 1977 முதல் மெரினாவில்.

முதல் விளக்கைத் தாங்கிய கட்டிடம் 1948-ல் கோட்டை அருங்காட்சியகமாயிற்று. கருங்கல் தூணோ விளக்கின்றி நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. அதையும் செப்பனிட்டு, அருகில் ஒரு கூடம் சேர்த்து, அருங்காட்சியகமாக்கினால் என்ன?

அங்கே பிரெனெலின் வில்லை இருக்கட்டும். தடித்த கண்ணாடியை வளையங்களாகப் பகுத்து, எடையைக் குறைத்து, ஒளியை ஒரே கற்றையாக அனுப்பிய அறிவு அது. 1820-களில் பிறந்த அதை நாங்கள் வகுப்பில் கரும்பலகையில்தான் கண்டோம்.

ஆனால் வில்லை பாதிக் கதையே. மீதிக் கதை கடலில் இருக்கிறது. என் தந்தை மீனவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். ஆயினும் விளக்கு மின்னி மறையும் கணக்கை எண்ணி, "இது இன்ன ஊர்" என்பார். அவர் கற்ற எழுத்து அது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்று ஊரார் என்னைச் சொல்லும்போது கூச்சமாகவே இருக்கிறது. அவர் படிப்புக்குப் பட்டம் தர ஆளில்லை, அவ்வளவுதான்!

இன்று படகுகளில் ஜி.பி.எஸ். வந்துவிட்டது. எண்ணிப் பழகிய கண்கள் குறைந்து வருகின்றன. நண்பர்களே, சுண்ணாம்பு பூசினால் தூண் மிஞ்சும். அந்தக் கண்களின் அறிவையும் கேட்டு எழுதி வைத்தால்தான் விளக்கம் மிஞ்சும். தூணுக்கு அவசரமில்லை, அது கருங்கல். மனிதர்கள் அப்படியல்லவே!